மோட்டார் வாகன விபத்தில் மிதிவண்டியோட்டியின் சட்ட உரிமைகள்

மோட்டார் வாகன விபத்தில் மிதிவண்டியோட்டியின் சட்ட உரிமைகள் என்பன, சரக்குந்து, பேருந்து, தானுந்து, இருசக்கர வாகனம் முதலியன மோதிக் காயமுற்ற மிதிவண்டியோட்டிக்கு இந்தியச் சட்டங்கள் அளிக்கும் இழப்பீடு, மருத்துவ உதவி, குற்றவியல் நடவடிக்கை ஆகிய வழிகளைக் குறிக்கும். இவற்றுள் முதன்மையானது மோட்டார் வாகனச் சட்டம், 1988 ஆகும். இச்சட்டம் 1989 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் இழப்பீடு தொடர்பான பகுதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

இக்கட்டுரை, தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தையும் சிவகாசி பட்டாசுத் தொழில் வட்டாரத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வழிகளை விளக்குகிறது. பட்டாசு ஆலையில் நிகழும் வெடி விபத்துகளுக்கான இழப்பீடு வேறு சட்டங்களின் கீழ் வருவதால் இங்கு இடம்பெறவில்லை.

பின்னணி

வெடிபொருள் சட்டங்கள் வகுக்கும் பாதுகாப்பு இடைவெளி காரணமாகப் பட்டாசு ஆலைகள் குடியிருப்புகளிலிருந்து விலகி, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் பகுதிகளின் சிற்றூர்களை ஒட்டிய மானாவாரி நிலங்களில் அமைந்துள்ளன. தொழிலாளர்கள் ஆலை வேன், பேருந்து, இருசக்கர வாகனம், மிதிவண்டி ஆகியவற்றில் வேலைக்குச் செல்கின்றனர். 11 ஆம் வகுப்பு மாணவர்க்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்வோரும் இச்சாலைகளையே பயன்படுத்துகின்றனர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுப் பொருள்களை நாடெங்கும் கொண்டு செல்லும் சரக்குந்துகளும் இவற்றில் ஓடுகின்றன. மாவட்டத்தின் ஊடாகத் தேசிய நெடுஞ்சாலை 44 விருதுநகர், சாத்தூர் வழியாகவும், தேசிய நெடுஞ்சாலை 744 திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகவும் செல்கின்றன.

மூன்றாம் தரப்பினர் என்ற நிலை

மிதிவண்டி மோட்டார் வாகனம் அன்று. அதற்குப் பதிவோ ஓட்டுநர் உரிமமோ காப்பீடோ தேவையில்லை. 0.25 கிலோவாட்டுக்குக் குறைந்த மின்னோடியும், மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த உச்ச வேகமும் கொண்டு, விதிகளின் மற்ற நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் மின் மிதிவண்டியும் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை.

மோட்டார் வாகனம் ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம் என்கிறது சட்டத்தின் 146 ஆம் பிரிவு. காப்பீட்டு ஒப்பந்தத்தில் வாகன உரிமையாளர் முதல் தரப்பு, காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் தரப்பு. மோதுண்ட மிதிவண்டியோட்டி மூன்றாம் தரப்பினர் ஆகிறார். எனவே தமக்கெனக் காப்பீடு எதுவும் எடுத்திராதவரும் மோதிய வாகனத்தின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு பெறலாம்.

வரலாறு

இழப்பீடு கோருவோர் முன்பு உரிமையியல் நீதிமன்றத்தையே அணுக வேண்டியிருந்தது. 1939 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956 இல் செய்யப்பட்ட திருத்தம் இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழிவகுத்தது. தவற்றை மெய்ப்பிக்காமலே குறிப்பிட்ட தொகை பெறும் முறை 1982 இல் சேர்க்கப்பட்டது. அப்போது இறப்புக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் வழங்கப்பட்டன.

இழப்பீடு கோரும் வழிகள்

1. தவற்றின் அடிப்படையிலான மனு (பிரிவு 166)

ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது எனக் காட்டி முழு இழப்பீடு கோரும் வழி இது. வாகன உரிமையாளர், ஓட்டுநர், காப்பீட்டு நிறுவனம் ஆகியோர் எதிர்மனுதாரர்கள் ஆவர். குற்ற வழக்கில் தேவைப்படும் ஐயத்துக்கு இடமற்ற சான்று இங்குத் தேவையில்லை. நிகழ்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் எனத் தீர்ப்பாயம் கருதினால் போதும். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இம்மனு தானாகத் தோற்றுவிடாது.

2. தவற்றை மெய்ப்பிக்கத் தேவையற்ற இழப்பீடு (பிரிவு 164)

இறப்புக்கு 5 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 இலட்சம் ரூபாயும் வழங்கப்படும். எலும்பு முறிவும் கொடுங்காயமே. யார் தவறு என்ற கேள்வி எழாது. காப்பீட்டு நிறுவனத்துடனான தீர்வு நடைமுறையில் (பிரிவு 149) இத்தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள 166 ஆம் பிரிவு மனு முடிவுக்கு வந்துவிடும். நீண்டகால ஊனம் ஏற்பட்டவருக்கு முழு இழப்பீடு இதைவிடப் பன்மடங்கு மிகலாம் என்பதால் இத்தேர்வு முக்கியமானது.

3. மோதிவிட்டுத் தப்பிய வாகனம் (பிரிவு 161)

வாகனம் அடையாளம் காணப்படாவிடில் இறப்புக்கு 2 இலட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படும். 2022 ஏப்ரல் 1 க்கு முன் இவை முறையே 25,000 ரூபாயும் 12,500 ரூபாயும் ஆக இருந்தன. மனு தீர்ப்பாயத்திடம் அன்று, வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம் அளிக்கப்படுகிறது. தொகைக்கு ஒப்புதல் அளிப்பவர் மாவட்ட ஆட்சியர். பின்னர் வாகனம் கண்டறியப்பட்டு முழு இழப்பீடு கிடைத்தால் இத்தொகை திருப்பித் தரப்பட வேண்டும்.

கோயம்புத்தூர் எலும்பு மருத்துவ வல்லுநர் எசு. இராசசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 சனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒரு மாதத்துக்குள் வாகனத்தைக் கண்டறிய இயலாவிடில் இத்திட்டத்தைப் பற்றிக் காயமுற்றவருக்கோ இறந்தவரின் குடும்பத்துக்கோ காவல்துறை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

4. வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்து

வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையே நேரும் விபத்தும், பணியோடு அதற்குத் தொடர்பு இருப்பின், பணிக்கால விபத்தாகக் கருதப்படலாம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இவ்விதி 2010 இல் சேர்க்கப்பட்டது. 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இது பொருந்தும் என 2025 சூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இவ்விதி உள்ளது. ஆலைக்கு மிதிவண்டியில் செல்லும் தொழிலாளிக்கு இது பயன்படும். ஆயினும், ஒரே காயத்துக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் ஆகிய இரண்டின் கீழும் இழப்பீடு பெற முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் (பிரிவு 167).

தீர்ப்பாயமும் கால வரம்பும்

விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றுள் எதற்குரிய தீர்ப்பாயத்திலும் மனு அளிக்கலாம். எனவே வேறு மாநிலச் சரக்குந்து மோதியிருந்தாலும், விபத்து வெளியூரில் நேர்ந்திருந்தாலும், சிவகாசித் தொழிலாளி தம் பகுதியிலேயே வழக்கை நடத்தலாம். விருதுநகர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. மாவட்ட நீதிபதிகளும் சார்பு நீதிபதிகளும் தீர்ப்பாயமாகச் செயற்படுகின்றனர். மேல்முறையீடு 90 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் செய்யப்பட வேண்டும். பிணக்கிலுள்ள தொகை 1 இலட்சம் ரூபாய்க்குக் குறைவாயின் மேல்முறையீடு இல்லை.

மனு அளிப்பதற்கான கால வரம்பு 1994 இல் நீக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாத வரம்பு மீண்டும் வந்தது. இதை எதிர்த்த வழக்குகளில், காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. இடைக்கால ஆணை இறுதித் தீர்ப்பு ஆகாது என்பதால் ஆறு மாதத்துக்குள் மனு அளிப்பதே பாதுகாப்பானது.

ஆவணங்கள்

வழக்கின் வலிமை பெரும்பாலும் விபத்தை அடுத்த சில நாட்களில் உருவாகும் ஆவணங்களைப் பொறுத்தது.

- மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல். காயமுற்றவர் முதலில் என்ன கூறினார் என்பதை இது காட்டும். "மிதிவண்டியிலிருந்து விழுந்தார்" என்று மட்டும் பதிவாகி, வாகனம் மோதியது விடுபட்டால் எதிர்த்தரப்பு அதையே ஆதாரமாகக் காட்டும்.
- முதல் தகவல் அறிக்கை. தாமதம் ஒன்றே மனுவை மறுக்கக் காரணம் ஆகாது. ஆனால் தாமதத்துக்கு விளக்கம் தர வேண்டும்.
- நிகழிடப் பார்வை மகசர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப் பத்திரிகை.
- மோதிய வாகனத்தின் பதிவெண், காப்பீட்டு விவரம், ஓட்டுநரின் உரிமம்.
- சிகிச்சைச் செலவுச் சீட்டுகள், மருத்துவக் குழுவின் ஊனச் சான்றிதழ்.
- வயது, வருமானம் ஆகியவற்றுக்கான சான்று.

2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, காவல்துறை முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும் விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். இவ்வறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்கலாம். சாலையோரத்திலேயே சிறு தொகை பெற்றுக்கொண்டு புகார் அளிக்காமல் விட்டால் இவ்வறிக்கைகள் எவையும் உருவாகா. பின்னர் உட்காயம் வெளிப்பட்டாலும் வாகனத்தை விபத்தோடு இணைப்பது கடினமாகும்.

இழப்பீட்டைக் கணக்கிடுதல்

மருத்துவச் செலவு, சிகிச்சைக் கால வருமான இழப்பு, எதிர்கால வருவாய் இழப்பு, உதவியாளர் செலவு, வலியும் வேதனையும், மிதிவண்டிக்கான சேதம் ஆகியன கணக்கில் கொள்ளப்படும். வயதுக்கேற்ற பெருக்கெண்களைச் சர்லா வர்மா வழக்கு (2009) வகுத்தது. 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் 16 ஆகும். எதிர்கால வருமான உயர்வுக்காகச் சேர்க்க வேண்டிய விழுக்காட்டைப் பிரணய் சேத்தி வழக்கு (2017) நிலைநாட்டியது. நிரந்தரப் பணியில் இல்லாதவர் 40 வயதுக்கு உட்பட்டிருப்பின் அது 40 விழுக்காடு ஆகும்.

மருத்துவர் குறிப்பிடும் ஊன விழுக்காடும் வருவாய் இழப்பு விழுக்காடும் ஒன்றல்ல என்பது இராச்குமார் வழக்கின் (2010) முடிவு. இரு விரல்களை இழந்த எழுத்தர் தம் வேலையைத் தொடரலாம். விரல்களை நம்பித் திரி செருகும், தாள் சுற்றும் தொழிலாளிக்கு அதே காயம் பிழைப்பையே பறிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, 32 வயதுத் தொழிலாளி ஒருவரின் மாத வருமானம் 12,000 ரூபாய், வருவாய்த் திறன் இழப்பு 30 விழுக்காடு எனக் கொள்வோம்.

- 40 விழுக்காடு சேர்த்து மாத வருமானம்: 16,800 ரூபாய்
- ஆண்டுக்கு: 2,01,600 ரூபாய்
- 16 ஆல் பெருக்க: 32,25,600 ரூபாய்
- இதில் 30 விழுக்காடு: 9,67,680 ரூபாய்

வருமானச் சான்று இல்லாமையால் தீர்ப்பாயம் மாதம் 8,000 ரூபாய் என மதிப்பிட்டால் இத்தொகை 6,45,120 ரூபாயாகக் குறையும். வேறுபாடு 3,22,560 ரூபாய். எண்ணிக்கைக் கூலி பெறுவோருக்குச் சம்பளச் சீட்டு பெரும்பாலும் இருப்பதில்லை. கூலி அட்டை, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, வங்கி வரவு, ஆலைக் கணக்கரின் சாட்சியம் போன்றவை அவ்விடத்தை நிரப்பலாம். சான்று இல்லாவிடினும் தீர்ப்பாயம் நியாயமான வருமானத்தைத் தானே மதிப்பிட வேண்டும். மனுவைத் தள்ளிவிட இயலாது.

சிறுவர்க்காகப் பெற்றோர் மனு அளிக்கலாம். 12 வயதுச் சிறுமி ஒருவரின் வழக்கில் 2020 இல் உச்ச நீதிமன்றம், திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியத்தை அடிப்படையாகக் கொண்டது.

எதிர்வாதங்கள்

மிதிவண்டியில் விளக்கோ பின்புற ஒளிதெறிப்பானோ இல்லை, திடீரெனத் திரும்பினார், தவறான பக்கத்தில் வந்தார் என்பன வழக்கமான எதிர்வாதங்கள். மிதிவண்டியோட்டிக்கும் பங்குத் தவறு உண்டு எனத் தீர்ப்பாயம் கண்டால் அவ்விழுக்காடு கழிக்கப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 10 விழுக்காடு கழித்தால் 8,70,912 ரூபாய் கிடைக்கும். பங்குத் தவறு உரிமையைக் குறைக்குமே தவிர அழிக்காது. இரு வாகனங்களின் தவற்றால் மிதிவண்டியோட்டி காயமுற்றால், முழுத் தொகையையும் இரண்டில் எத்தரப்பிடமிருந்தும் பெறலாம்.

ஓட்டுநருக்கு முறையான உரிமம் இல்லை என்ற வாதம் எழும்போது, காப்பீட்டு நிறுவனம் முதலில் தொகையைச் செலுத்திப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு ஆணையிடப்படுவது வழக்கம். காப்பீடே இல்லாவிடில் உரிமையாளர் பொறுப்பாவார். செலுத்தப்படாத தொகையை நிலவரி நிலுவை போல ஆட்சியர் வழியாக வசூலிக்கலாம் (பிரிவு 174). அரசுப் போக்குவரத்துக் கழகம் இழப்பீடு செலுத்தாதபோது நீதிமன்ற ஆணைப்படி பேருந்துகள் சப்தி செய்யப்பட்ட நிகழ்வுகள் தமிழ்நாட்டில் பலமுறை நடந்துள்ளன.

மருத்துவ உதவி

காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை (பிரிவு 134). தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 திசம்பர் 18 அன்று தொடங்கியது. விபத்துக்குப் பிந்திய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு இது உதவுகிறது. நடுவண் அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தின்படி, விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை 1.5 இலட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை பெறலாம். உதவி செய்வோரை 134அ பிரிவு வழக்குகளிலிருந்து பாதுகாக்கிறது.

குற்றவியல் நடவடிக்கை

2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்கிதை நடைமுறையில் உள்ளது. கண்மூடித்தனமாக ஓட்டுதல் (பிரிவு 281), காயம் விளைவித்தல் (பிரிவு 125), கவனக்குறைவால் இறப்பு விளைவித்தல் (பிரிவு 106) ஆகியவற்றின் கீழ் வழக்குப் பதியப்படும். தகவல் தராமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை விதிக்கும் 106(2) உட்பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நிறுத்தி வைக்கப்பட்டது. குற்ற வழக்கில் விதிக்கப்படும் தண்டனை இழப்பீட்டுக்கு மாற்று ஆகாது. இரண்டும் தனித்தனியே நடப்பவை.

இலவச சட்ட உதவி

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 இன்படி பெண்கள், சிறுவர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர் கட்டணமின்றி வழக்கறிஞர் பெறத் தகுதியுடையோர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை இதற்கு அணுகலாம். மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் உடன்பட்டு முடிக்கும் வழக்கில் மேல்முறையீடு இல்லை. ஆகவே அங்கு முன்வைக்கப்படும் தொகையை மேற்கண்ட கணக்கோடு ஒப்பிட்ட பின்னர் ஏற்பது நன்று.

இவற்றையும் பார்க்க

- மோட்டார் வாகனச் சட்டம், 1988
- மக்கள் நீதிமன்றம்
- சிவகாசி பட்டாசுத் தொழில்
- மிதிவண்டி