கப்பலில் கச்சேரி உத்தியோகம்

கல்யாண வரவேற்புகளில் டிரம்ஸ் வாசித்தே காலம் தள்ளியவன் நான். ஜாஸ் வரலாற்றில் எனக்கு நெருக்கமாகப் படுவது பெரிய அரங்குகளின் கதை அல்ல. மிசிசிப்பி ஆற்றில் ஓடிய உல்லாசக் கப்பல்களின் கதை. எங்களைப் போன்ற கூலிக் கலைஞர்கள்தான் அங்கேயும் வாசித்தார்கள்.

ரயில் வந்ததும் ஆற்றுக் கப்பல்களின் பிழைப்பு போயிற்று. சரக்கும் கைவிட்டுப் போனது, பயணிகளும் போனார்கள். ஜான் ஸ்ட்ரெக்பஸ் என்ற கப்பல் முதலாளி மாற்று வழி கண்டுபிடித்தார். நீராவிக் கப்பலில் நடனத் தளம் போட்டார்; சாயங்காலம் ஆளேற்றி, ஆற்றில் சில மணி நேரம் சுற்றிவிட்டு, ஏறிய துறையிலேயே இறக்கிவிட்டார். குளிர்காலத்தில் நியூ ஆர்லியன்ஸ், கோடையில் செயின்ட் லூயிஸ், அங்கிருந்து வடக்கே ஊர் ஊராகப் பயணம். டிக்கெட் வாங்கியவர்களை ஆட வைப்பது பேண்டின் பொறுப்பு.

பேண்டுத் தலைவர் ஃபேட் மாரபிள், கென்டக்கி மாநிலத்தின் பதுகா ஊர்க்காரர். 1907-ல் பியானோ வாசிக்கச் சேர்ந்தார். பியானோவோடு வேலை முடியாது. மேல்தளத்தில் கலையோப் என்று ஒரு வாத்தியம் இருக்கும். கொதிகலனின் நீராவி விசில்களில் பாய்ந்து பாட்டாக வரும். மைல் கணக்கில் கேட்கும் அந்தச் சத்தம்தான் கப்பல் வந்துவிட்டதற்கு விளம்பரம். கட்டைகள் ஆவியில் சுடும், மேலிருந்து வெந்நீர் தெறிக்கும். மாரபிள் கையுறை மாட்டி, மழைக்கோட்டு போட்டு, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வாசிப்பாராம். இறங்கி வந்து கோட்டு மாற்றிக்கொண்டு நடனத்துக்கும் வாசிக்க வேண்டும்.

1918 வாக்கில் அவர் நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினக் கலைஞர்களை வைத்து ஒரு பேண்டு சேர்த்தார். டிரம்ஸுக்கு பேபி டாட்ஸ், பாஸுக்கு பாப்ஸ் ஃபாஸ்டர், பாஞ்சோவுக்கு ஜானி செயின்ட் சிர். கார்னெட் வாசிக்க வந்த இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். காதால் கேட்டதை அப்படியே வாசித்துவிடுவார். ஆனால் நோட்ஸ் பார்த்து வாசிப்பதில் தேர்ச்சி இல்லை. கப்பலிலோ புதுப் பாட்டுகள் அச்சிட்ட தாளாக வந்துகொண்டே இருக்கும். பேண்டில் மெல்லஃபோன் வாசித்த டேவி ஜோன்ஸ், இடைவேளைகளில் அவரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் வாங்கிக்கொண்டே படித்த படிப்பு அது.

ஒழுங்கு கடுமை. முதலாளியின் மகன் ஜோ ஒத்திகைக்கே வந்து, கடிகாரத்தைப் பார்த்துத் தாள வேகத்தை அளப்பார். ஆட்டக்காரர்களுக்கு ஏற்ற வேகத்துக்குக் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விடமாட்டார். சரிவராத ஆளை மாரபிள் அனுப்பிவைத்த விதம் பற்றி பேண்டில் இருந்தவர்கள் ஒரு கதை சொல்வார்கள். மற்றவர்களை மட்டும் சீக்கிரம் வரச் சொல்லிவிடுவாராம். அந்த ஆள் வந்து பார்த்தால், அவர் நாற்காலியில் கப்பலின் தீயணைப்புக் கோடாலி கிடக்கும். அதற்கு மேல் பேச்சு இல்லை.

இன்னொரு கோடும் இருந்தது. வாசித்தவர்கள் கறுப்பர்கள்; ஆடியவர்கள் வெள்ளையர்கள். செயின்ட் லூயிஸில் திங்கட்கிழமை இரவு மட்டும் கறுப்பினப் பயணிகளுக்கு. மற்ற நாட்களில் தங்கள் வாசிப்புக்குத் தங்கள் ஜனங்களே ஆட முடியாத மேடை அது.

1921-ல் முதலாளிகள் தாளத்தை வேறு பாணிக்கு மாற்றச் சொன்னார்கள். பேபி டாட்ஸ் மறுத்துவிட்டு வெளியேறினார், ஆம்ஸ்ட்ராங்கும் போனார். டிரம்மர் என்ற முறையில் டாட்ஸ் பக்கம்தான் நான். எவ்வளவு வேகம் என்று முதலாளி சொல்லலாம், காசு அவருடையது. தாளத்தின் நடையையே மாற்று என்றால் கை கேட்காது. மறு வருடம் ஆம்ஸ்ட்ராங் சிகாகோவில் கிங் ஆலிவர் குழுவில் சேர்ந்தார். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

மாரபிள் மட்டும் கப்பலை விடவில்லை. பின்னாளில் டியூக் எலிங்டன் குழுவில் பேர் வாங்கிய பாஸ் கலைஞர் ஜிம்மி பிளான்டனும் அவரிடம் வாசித்தவர்தான். மாரபிள் 1947-ல் காலமானார். அவர் பேண்டின் வாசிப்பாக 1924-ல் வந்தது ஒரே ஒரு இசைத்தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. இத்தனை பேரை வேலைக்குத் தயார் செய்த மனிதரை ஜாஸ் வரலாறு ஆம்ஸ்ட்ராங் கதையின் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறது. அது நியாயமில்லை.