ஆதுலசாலையும் கைத்தூய்மையும்

மருத்துவப் பணியாளர் கைத்தூய்மை பேணுதல் அவரவர் மனத்தைப் பொறுத்ததென்று பலரும் கருதுவர். அஃது ஓரளவே உண்மை என்பது நம் துணிபு.

சோழர் தஞ்சையில், குந்தவைப் பிராட்டியார் தம் தந்தையார் பெயரால் நிறுவிய சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலை விளங்கிற்று. அதன் மருத்துவனுக்கு நிலம் விடப்பட்டமையைக் கல்வெட்டால் அறிகிறோம். இத்தகைய சாலையின் பணியாளரை விரிவாகக் காண்பதற்கோ, காவிரி நாட்டை நீங்கிப் பாலாற்றங்கரைத் திருமுக்கூடலை அடைதல் வேண்டும். வீரராசேந்திரன் (1063–1070) காலத்துக் கல்வெட்டொன்று, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையைக் குறிக்கிறது. மருத்துவர், அறுவை செய்வார், மருந்து சமைப்போர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதர் ஆகியோரோடு நீர் கொணர்வான் ஒருவனையும் எண்ணி, அவனுக்கும் நெல் வகுக்கிறது. அந்நீர் கை கழுவுதற்கென்று கல்வெட்டு கூறவில்லை; நாமாக ஏற்றிக் கூறுதல் வரலாறாகாது. ஆயினும் நீர்ப்பணிக்குத் தனியாளும் ஊதியமும் ஒதுக்கிய முறை கருதத்தக்கது.

கை வழியே நோய் பரவுதல் தெளிவானது பின்னாளிலேயாம். 1847-இல் வியன்னா நகர மருத்துவர் செம்மல்வைசு, குளோரின் சேர்ந்த சுண்ணநீரில் கை கழுவச் செய்தார். அவர் பணியாற்றிய மகப்பேற்றுப் பிரிவில் ஏப்பிரலில் 100-க்கு 18 ஆக இருந்த தாய்மார் இறப்பு, சூனில் 2 என்னுமளவிற்குக் குறைந்தது. இருந்தும் அக்கால மருத்துவர் பலர் அதனை ஏற்றிலர். எண்களும் எல்லாரையும் இணங்குவிப்பதில்லை போலும்!

உலக நலவாழ்வு நிறுவனம் 2009-இல் வெளியிட்ட நெறிமுறை அறிவுரையோடு நில்லாது, ஆல்ககால் கலந்த கைத்தேய்ப்பு நீர்மம் நோயாளியின் அருகிலேயே இருத்தல் வேண்டும் என்கிறது. தொலைவிலுள்ள குழாயைத் தேடிச் சென்று வழலையால் கழுவ 40 முதல் 60 நொடி வேண்டும். நடக்கும் நேரம் வேறு. படுக்கையருகில் நின்றவாறே தேய்த்துக்கொள்ள 20 முதல் 30 நொடி போதும்.