மொழிபெயர்ப்பாக நிறைவேறாத நாவல்: 'இந்துலேகா' முன்னுரையும் வீட்டுப் பேச்சும்

இந்திய மொழிகளில் நாவல் தோன்றிய வரலாற்றை எழுதுவோர் அச்சகம், ஆங்கிலக் கல்வி, இதழ்கள் ஆகிய மூன்றையும் தவறாது குறிப்பிடுவர். வீடு என்னும் களத்தைப் பற்றி அவர்கள் பேசுவது அரிது. நாவலைப் படிப்பதும் படித்ததைப் பிறர்க்குச் சொல்வதும் குடும்பத்தின் அன்றாடப் பொழுதில் நிகழ்ந்த செயல்கள் ஆகையால், அவற்றுக்குச் சான்றுகள் எளிதில் கிட்டுவதில்லை. அவ்வாறு கிட்டும் அரிய சான்றுகளுள் ஒன்று, 1889-இல் வெளிவந்த 'இந்துலேகா' என்னும் மலையாள நாவலுக்கு அதன் ஆசிரியர் ஓ. சந்துமேனோன் (1847–1899) எழுதிய முன்னுரை.

சந்துமேனோன் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் பரப்பனங்காடி முன்சீபாக இருந்தார். (தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையும் மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர் என்பது ஈண்டு நினைவுக்கு வரும். நீதிமன்றத்தில் நாள்தோறும் பிறர் குடும்பக் கதைகளைக் கேட்கும் பதவி அது!) 1886-ஆம் ஆண்டின் இறுதியில் கோழிக்கோட்டை விட்டபின் அவர் ஆங்கில நாவல்களை மிகுதியாகப் படிக்கத் தொடங்கினார். அலுவல் ஒழிந்த நேரமெல்லாம் நூலிலேயே கழிந்தமையால், வழக்கமாக அவரோடு பேசிப் பொழுது போக்கிய வீட்டாருக்கு மனக்குறை உண்டாயிற்று. அதனைப் போக்க, படித்த கதைகளை மலையாளத்தில் அவர்களுக்குச் சொல்லலானார். தொடக்கத்தில் அவர்கள் அவற்றைப் பெரிதாகச் சுவைக்கவில்லை. பின்னர் டிஸ்ரேலியின் 'ஹென்ரியட்டா டெம்பிள்' அவர்களுள் ஒருவரைப் பெரிதும் கவர்ந்தது. அதனை மொழிபெயர்த்துத் தரவேண்டுமென்ற வற்புறுத்தலும் எழுந்தது.

அவரும் மொழிபெயர்க்கத் தொடங்கினார். சில பகுதிகளை எழுதியபின் கைவிட்டார். அதற்கு அவர் கூறும் காரணமே மொழிபெயர்ப்பாளர் ஊன்றிக் கருதத்தக்கது. ஆங்கிலக் கதையை வாய்மொழியாகச் சொல்லும்போது ஆங்காங்கே விளக்கம் சேர்க்கலாம். கேட்போர் ஐயத்தை அப்போதே தீர்க்கலாம். குரலின் ஏற்ற இறக்கமும் முகக்குறிப்பும் துணைநிற்கும். எழுத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. விளக்கங்களை நூலுக்குள் புகுத்தினாலோ கதை கெடும். எழுதியதை மீளப் படித்தபோது, ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு அது விளங்காது என்று அவருக்கே தோன்றியது. கூற்றுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை இத்துணைத் தெளிவாக, அதுவும் தம் தோல்வியையே சான்றாகக் காட்டி, உரைத்த முன்னுரைகள் அக்காலத்தில் பலவாக இருந்திருக்க முடியாது.

மொழிபெயர்ப்பைக் கைவிட்டவர் அதே முறையில் மலையாளக் குடும்பம் ஒன்றைப் பற்றிக் கதை எழுத முடிவு செய்தார். 1889 ஜூன் 11-இல் தொடங்கி ஆகஸ்ட் 17-இல் முடித்தார். இதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1887-இல், அப்பு நெடுங்காடியின் 'குந்தலதா' வெளிவந்துவிட்டது. எனினும் அதன் கதைமாந்தர் மலையாள வீட்டினர் அல்லர். 'இந்துலேகா'வோ, தறவாட்டுச் செலவில் ஒரு சிறுவனுக்கு ஆங்கிலக் கல்வி அளிப்பதா என்னும் வீட்டுப் பூசலோடு தொடங்குகிறது. இயல்புக்கு மீறிய நிகழ்ச்சிகள் இன்றி நாவல் எவ்வாறு சுவைக்கும் என்று வினவியோருக்கு, உள்ளதை உள்ளவாறு தீட்டும் எண்ணெய் ஓவியங்களை மக்கள் விரும்பத் தொடங்கியிருப்பதைச் சுட்டி அவர் விடை கூறுகிறார்.

மொழிநடை பற்றிய அவர் கருத்தும் வீட்டிலிருந்தே பிறக்கிறது. தாம் வீட்டில் வழக்கமாகப் பேசும் மலையாளத்திலேயே எழுதியிருப்பதாகவும், வடசொற்களையும் மலையாளிகள் ஒலிக்கும் வடிவிலேயே ஆண்டிருப்பதாகவும் கூறி, 'வ்யுல்பத்தி' என்பதனை 'வில்பத்தி' என எழுதியதை எடுத்துக்காட்டுகிறார். தமிழில் இது வியப்பன்று. தற்பவத்துக்கு நன்னூலே விதி வகுத்துள்ளது. வடமொழி ஒலிகள் அனைத்துக்கும் எழுத்துள்ள மலையாளத்திலோ இத்தகைய வடிவம் கல்லாதவன் பிழையாகவே தோன்றும். வடமொழிப் பயிற்சி தமக்குச் சிறிது உண்டு என்று அவர் முன்கூட்டியே சொல்லிவைப்பது இதனால்தான் போலும்.

அவரைத் தூண்டிய அந்த ஒருவர் யார் என்று முன்னுரை பெயர் சுட்டவில்லை. ஆனால், நாவலை ஆங்கிலத்தில் பெயர்த்த டூமர்க் என்னும் மலபார் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், ஆங்கில முறையில் அமைந்த ஒரு நாவலைத் தன் மொழியில் படிக்கவேண்டுமெனத் தம் மனைவி பலமுறை கூறிய விருப்பத்தையே முதற்காரணமாகச் சொல்கிறார். இலக்கிய வரலாறுகள் இதனை ஒரு சுவையான துணுக்காகவே கூறிச் செல்கின்றன. அது போதாது என்பது என் கருத்து. எது விளங்கும், எது விளங்காது என்பதற்கு அவர் கொண்ட அளவுகோல் ஆங்கிலம் அறியாத ஒரு வாசகரின் செவியே; மொழிபெயர்ப்பு கைவிடப்பட்டதற்கும் பேச்சுநடை மேற்கொள்ளப்பட்டதற்கும் அச்செவியே காரணம்.

டூமர்க்கின் மொழிபெயர்ப்பு 1890-இலேயே வெளிவந்தது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்க இயலாமையால் பிறந்த நூல் ஓராண்டுக்குள் ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டது. இம்முறை இடர்ப்பாடு மறுபக்கத்தில் இருந்தது. நம்பூதிரியின் முன் பணியாளன் தன்னை 'அடியன்' என்கிறான். நண்பரோடு பேசுவோர் 'ஞான்' என்கின்றனர். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள தன்மைப்பெயர் ஒன்றே.