அரையர் சேவை (ஸ்ரீவில்லிபுத்தூர்)

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தப் பாசுரங்களைப் பெருமாள் திருமுன் இசையோடு பாடி, அபிநயித்து, உரை சொல்லும் வைணவக் கோயிற்கலை. தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர், திருவரங்கம், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களிலும், கர்நாடகத்தில் மேல்கோட்டையிலும் வழங்கிவருகிறது.

தோற்றம்: பாசுரங்களைத் தொகுத்த நாதமுனிகள், தம் மருமக்களான மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் இசையுடன் கற்பித்தார் என்பது வைணவ மரபு.

பயிற்சி: இது அரையர் எனப்படும் கலைஞர் குடும்பங்களின் பரம்பரை உரிமை; ஆண்களே நிகழ்த்துவர். சிறுவர்கள் தந்தை, பாட்டன் முதலியோரிடம் பாசுரத்தையும் தாளத்தையும் அபிநயத்தையும் கேட்டும் பார்த்தும் பயில்வர். 'தம்பிரான்படி' எனப்படும் உரையும் இவ்வாறே தலைமுறை தாண்டி வருகிறது.

நிகழ்த்துமுறை: கூம்பு வடிவக் குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி அரையர் ஆடுவார். மார்கழி அத்யயன உற்சவத்தின் பகல்பத்து, இராப்பத்து நாள்கள் இதற்குச் சிறப்பானவை. கம்ச வதம், இரணிய வதம், அமுதம் கடைதல் போன்ற பழங்கதைகள் நடித்துக் காட்டப்படும். 'முத்துக்குறி' என்னும் நிகழ்ச்சியில் தாய், மகள், குறி சொல்லும் கட்டுவிச்சி ஆகிய மூவராகவும் ஒருவரே நடிப்பார்.

இன்றைய நிலை: இக்கலையின் தொடர்ச்சி, எஞ்சியுள்ள சில குடும்பங்களின் அடுத்த தலைமுறையையே சார்ந்துள்ளது.