நீக்குவது எளிது, நுழைவது கடினம்: தோல்வியுற்ற புதுப்பிப்புகள் விட்டுச்செல்லும் கணினித் தொடக்கப் பிழைகள்

1. ஆய்வுப் பொருள்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம், தன் ஃபால்கன் மென்பொருள் ஓடும் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. 10.57க்கு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையில் கழிந்தது 78 நிமிடம். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் சிக்கிக்கொண்டன என்பது மைக்ரோசாஃப்ட் தந்த மதிப்பீடு. உலகில் உள்ள விண்டோஸ் கணினிகளோடு ஒப்பிட்டால் இது ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனால் அந்தக் கணினிகள் இருந்த இடங்கள் விமான நிறுவனங்கள், மருத்துவமனைகள், வங்கிகள். இந்திய விமான நிலையங்களில் இண்டிகோ ஊழியர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் ஐந்து நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்தது.

இங்கே எழும் கேள்வி இது: 78 நிமிடத்தில் வாபஸ் பெறப்பட்ட பிழையைச் சரிசெய்ய ஏன் நாட்கணக்கில் ஆயிற்று? தன் மென்பொருள் ஓடும் விண்டோஸ் கணினிகளில் சுமார் 99 விழுக்காடு மீண்டும் தொடர்புக்கு வந்துவிட்டதாக கிரவுட்ஸ்ட்ரைக் அறிவித்தது ஜூலை 29 நிலவரத்தை வைத்துத்தான். கெட்ட கோப்பை அழிக்க ஒரு நொடி போதும். அந்தக் கோப்பு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதில்தான் காலம் போயிற்று. தொடக்கப் பிழை எவ்வளவு கடுமையானது என்பதை, அது கணினி விழித்தெழும் வரிசையில் எந்தப் படியில் வழிமறிக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான். வன்தட்டுப் பழுது, மெமரி பழுது ஆகியவை இதன் எல்லைக்கு வெளியே.

2. கணினி விழித்தெழும் வரிசை

பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் எழுவது மதர்போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ. அது வன்தட்டின் ஒரு சிறு பிரிவிலிருந்து பூட் மேனேஜரைத் தேடி எடுக்கிறது. பூட் மேனேஜர் விண்டோஸ் லோடரை அழைக்க, லோடர் இயங்குதளத்தின் மையமான கெர்னலையும் தொடக்கத்திலேயே ஏறவேண்டிய டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. பிறகு சர்வீஸ்கள், உள்நுழைவுத் திரை, அதன்பின் டெஸ்க்டாப். டெஸ்க்டாப் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. தானாகத் தொடங்க வேண்டிய நிரல்களின் பட்டியல் ஒவ்வொன்றாக ஓடும்.

ஒரு படியில் தடை வந்தால் அதற்கு மேலுள்ள கருவிகள் எதுவும் கைக்கு எட்டாது. டெஸ்க்டாப் வந்த பிறகு தோன்றும் பிழையைச் சரிசெய்ய இணையம், கோப்பு மேலாண்மை எல்லாம் இருக்கின்றன. டிரைவர் ஏறும்போது விழுந்தால் அவற்றில் எதுவும் இல்லை. ஆகவே பழுது பார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்பதை. நிறுவனத்தின் லோகோ வருகிறதா, புள்ளிகள் சுழல்கின்றனவா, கடவுச்சொல் கேட்கிறதா? திரையில் வரும் பிழை எண்ணைவிட இந்த மூன்று கேள்விகளே அதிகம் சொல்லும்.

3. கிரவுட்ஸ்ட்ரைக் நிகழ்வு

3.1 பிழை பிறந்த விதம்

நிறுவனம் 2024 ஆகஸ்ட் 6 அன்று வெளியிட்ட அறிக்கையின்படி காரணம் ஓர் எண்ணிக்கைக் கோளாறு. ஒரு வகை விதிக்கு 21 உள்ளீடுகள் வரும் என்று வரையறுத்திருந்தார்கள். மென்பொருள் உண்மையில் கொடுத்தது 20. முந்தைய விதிகளில் 21ஆவது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்று இருந்ததால் அதை யாரும் படிக்க நேரவில்லை. ஜூலை 19இல் வந்த புதிய விதி அந்த 21ஆவதைப் படிக்கச் சொன்னது. இல்லாத இடத்தை வாசிக்கப் போன நிரல் கெர்னலுக்குள் ஓடுவது. சாதாரண நிரலாக இருந்திருந்தால் அது மட்டும் மூடிக்கொண்டிருக்கும்; கெர்னலில் என்பதால் கணினி முழுவதும் விழுந்தது. வெளியிடும் முன் கோப்பைச் சோதிக்கும் நிரலும் 21 வரும் என்றே நம்பியதால் தடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் சில ஆயிரம் கணினிகளுக்கு அனுப்பிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியிருந்திருக்கும்.

3.2 எஞ்சி நின்றது

புதுப்பிப்பை வாபஸ் பெற்றதால் அதற்குப் பிறகு இயக்கப்பட்ட கணினிகள் தப்பின. ஏற்கெனவே வாங்கிக்கொண்டவற்றின் வன்தட்டில், விண்டோஸின் டிரைவர்கள் ஃபோல்டருக்குள் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற ஃபோல்டரில், சி-00000291 என்று தொடங்கும் பெயரோடு அந்தக் கோப்பு அப்படியே இருந்தது. ஃபால்கனின் டிரைவர் தொடக்கத்திலேயே ஏறும் வகை. ஒவ்வொரு முறையும் அது ஏறும், கோப்பைப் படிக்கும், விழும். மீண்டும் இயக்கம், மீண்டும் நீலத் திரை. நல்ல பதிப்புக்கும் அதே பெயர்தான். வேறுபாடு நேர முத்திரையில் மட்டும். உலகப் பொது நேரம் 4.09 என்றால் கெட்டது, 5.27 அல்லது அதற்குப் பின் என்றால் நல்லது.

சில கணினிகள் தாமாகவே பிழைத்துக்கொண்டன. டிரைவர் விழுவதற்கு முன்பே நெட்வொர்க் எழுந்துவிட்டால் நல்ல கோப்பு இறங்கிவிடும். அதனால்தான் வைஃபையை நம்பாமல் கேபிள் இணைப்பில் போட்டுத் திரும்பத் திரும்ப ரீபூட் செய்யச் சொன்னார்கள். மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் மேகக் கணினிகளில் 15 முறை வரை ரீபூட் செய்ய வேண்டியிருக்கலாம் என்று அறிவுரை வந்தபோது பலர் கேலி செய்தார்கள். ஆனால் அதில் தர்க்கம் இருந்தது.

3.3 திருத்தமும் அதன் தடையும்

மற்றவற்றுக்குப் பரவலாகச் சொல்லப்பட்ட வழி சேஃப் மோடு. அந்த முறையில் விண்டோஸ் இன்றியமையாத டிரைவர்களோடு மட்டும் எழும், ஃபால்கன் ஏறாது. உள்ளே போய்க் கோப்பை அழித்துவிட்டு ரீபூட் செய்தால் முடிந்தது. இதைப் பெரும்பாலும் தொலைவிலிருந்து செய்ய முடியாது. ஒவ்வொரு கணினி முன்பும் ஒருவர் போய் உட்கார வேண்டும்.

அங்கே காத்திருந்தது விண்டோஸின் வன்தட்டுப் பூட்டான பிட்லாக்கர். பெரிய நிறுவனங்கள் வன்தட்டை அதனால் பூட்டியே வைக்கின்றன. விண்டோஸ் எழாதபோது திறக்கும் மீட்புச் சூழல் வழியாகச் சேஃப் மோடுக்குப் போகும்போது அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவிகளைச் சேமித்து வைத்த சர்வர்களும் சில நிறுவனங்களில் நீலத் திரையில் கிடந்தன. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதை. சாவி கிடைத்தவர்களுக்கும் வேறு தொல்லை: 48 இலக்கத்தைப் பிழையில்லாமல் தட்ட வேண்டும், அதுவும் நூற்றுக்கணக்கான கணினிகளில். கிராண்ட் தார்ன்டன் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளை சாவிகளை பார்கோடுகளாக மாற்றி, கடைகளில் பயன்படும் ஸ்கேனரால் வாசிக்க வைத்தது. கணினியைப் பொறுத்தவரை ஸ்கேனரும் ஒரு கீபோர்டுதான் என்பதால் இது பலித்தது. அந்த வாரத்தின் சிறந்த பொறியியல் இதுவே என்பது என் கருத்து.

சாவி இல்லாதவர்களுக்கும் ஒரு பக்கவழி இருந்தது. பூட் அமைப்புகள் உள்ள சிறு பிரிவை பிட்லாக்கர் பூட்டுவதில்லை. ஆகவே மீட்புச் சூழலில் வன்தட்டைத் திறக்காமலே கட்டளைத் திரைக்குப் போய், அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி அமைப்பை மாற்றலாம். டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சிப் மட்டும் சாவி காக்கும் கணினியாக இருந்தால் பூட்டு வழக்கம்போல் தானே திறந்துகொள்ளும். நிர்வாகி கடவுச்சொல் தெரிந்தவர் உள்ளே போகலாம். வேலை முடிந்ததும் அந்த அமைப்பை நீக்க வேண்டும். மறந்தால் கணினி என்றென்றும் சேஃப் மோடிலேயே எழும். பழுது பார்த்தவரே விட்டுச்சென்ற புதுத் தொடக்கப் பிழையாகிவிடும் அது.

4. வரிசையின் முன்னும் பின்னும்

4.1 விண்டோஸுக்கும் முன்னால்

2024 ஆகஸ்ட் 13 விண்டோஸ் புதுப்பிப்பு, பாதுகாப்புக் குறையுள்ள பழைய லினக்ஸ் பூட் லோடர்களை யூஇஎஃப்ஐயின் காவலான செக்யூர் பூட் ஏற்கக்கூடாது என்று மாற்றியது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளுக்கு இது போகாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. போயிற்று. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், ஏதோ கடுமையாகத் தவறாகிவிட்டது என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியைக் காட்டிவிட்டுக் கணினி அணைந்தது. விண்டோஸ் மட்டும் நன்றாகவே எழுந்தது. திருத்தம்: யூஇஎஃப்ஐ அமைப்பில் செக்யூர் பூட்டை நிறுத்தி, லினக்ஸில் நுழைந்து, புதிய தடைக் கொள்கையை மோக்யூடில் கட்டளையால் அழித்து, ரீபூட் செய்து, செக்யூர் பூட்டை மீண்டும் இயக்க வேண்டும். கடைசிப் படியை விட்டுவிடக் கூடாது.

4.2 பாதியில் நின்ற நிறுவல்

வீட்டுக் கணினிகளில் அதிகம் காணப்படுவது இது. புதுப்பிப்பு ஏறும்போது மின்சாரம் போகிறது, அல்லது இடம் போதவில்லை. மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன என்ற செய்தி வருகிறது. அந்த நேரத்தில் பொறுமையிழந்து பவரை நிறுத்துவதே பெரிய தீங்கு. அதன்பிறகும் எழவில்லையென்றால், இருமுறை தொடக்கம் தோற்றதும் விண்டோஸ் தானே மீட்புச் சூழலுக்குப் போகும். அங்கே புதுப்பிப்புகளை நீக்கும் வசதி உண்டு. அதுவும் தோற்றால், விண்டோஸின் பழுதுநீக்கக் கருவியான டிஸ்ம் கட்டளையால் நிலுவையில் உள்ள செயல்களைத் திரும்பப் பெறலாம். ஓர் எச்சரிக்கை: மீட்புச் சூழலில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறலாம், உங்கள் சி டிரைவ் அங்கே டி ஆக நிற்கலாம். விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்த பிறகே கட்டளை. கணினி எழுந்ததும் முதலில் டிஸ்ம் கொண்டு மூலக் கோப்புகளைச் சீராக்கி, பிறகுதான் விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி சோதனை. எஸ்எஃப்சி மாற்றுக் கோப்பு எடுப்பது அந்த மூலத்திலிருந்துதான்.

4.3 டெஸ்க்டாப் வந்த பிறகு

குறிப்பிட்ட மாட்யூலைக் காணவில்லை என்று ரன்டிஎல்எல் பெட்டி தோன்றும். புதுப்பிப்பு பழைய கோப்பை நீக்கிவிட்டது, அதை அழைக்கும் பட்டியல் வரி மட்டும் தங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் கருவி இப்படிக் கோப்பில்லாத வரிகளை மஞ்சளில் காட்டும். குறியை எடுத்துவிட்டால் போதும். காணாமல்போன டிஎல்எல்லை ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து இறக்கிப் போடுவது, இல்லாத நோயை விலைக்கு வாங்குவது.

5. மீட்பு வழியே அடைபட்டால்

மேலே கண்ட திருத்தங்களில் பல மீட்புச் சூழலை நம்பியிருக்கின்றன. அதையும் புதுப்பிப்புகள் விட்டுவைக்கவில்லை. 2025 அக்டோபர் 14 புதுப்பிப்புக்குப் பிறகு, விண்டோஸ் 11இன் மீட்புச் சூழலில் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. விண்டோஸுக்குள் இரண்டும் சரியாகவே இருந்ததால், ஆபத்து வரும்வரை யாருக்கும் தெரியாது. அக்டோபர் 20 அன்று அவசரத் திருத்தம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் கணினி விழுந்து, யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் மட்டும் நம்பியிருந்தவர்கள் மீட்புத் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான்.

பழைய முன்னுதாரணமும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் வைரஸ் பட்டியல் புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று ஒதுக்கியது. கணினிகள் ரீபூட் சுழலில் விழுந்தன. நெட்வொர்க்கும் போனதால் திருத்தத்தைக் கையில் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது. அப்போது மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜார்ஜ் கர்ட்ஸ். 2024இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைமைச் செயல் அதிகாரியும் அவரே.

6. மதிப்பீடு

2024 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த விரைவு மீட்பு வசதி, எழாத கணினியை மீட்புச் சூழலிலிருந்தே இணையத்தில் இணைத்துத் திருத்தத்தை இறக்கும். திசை சரியானது. ஆனால் மீட்புச் சூழல் நலமாக இருக்க வேண்டும், இணைப்பும் கிடைக்க வேண்டும்.

நம் ஊர் சர்வீஸ் கடைகளில் எந்தத் தொடக்கப் பிழைக்கும் ஒரே பதில்: "ஃபார்மட் போட்டுடலாம் சார்." மேற்கண்ட எந்த வகைக்கும் அது முதல் மருந்தாகாது. முதலில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கோப்புகளைப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே வன்தட்டு தானாகப் பூட்டப்படுகிறது; உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. கணினி நன்றாக ஓடும் இன்றைக்கே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, பிட்லாக்கர் மீட்புச் சாவி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, கணினிப் பையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.