ஒரே வரி, பல குரல்

செஞ்சிக்காரங்களுக்கு 1714இல் மாண்ட தேசிங்கு ராஜன் கதைப்பாட்டு பழக்கம். ஒருத்தர் பாட, பின்பாட்டுக்காரர் அதே மெட்டை வாங்கிப் பாடுவார். சேர்ந்து பாடுறதுன்னா நமக்கு அதுதான்.

எம்.பி. சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் ‘மெட்ராஸ் யூத் கொயர்’ தொடங்கியபோது இதைத்தான் மாற்றிப் பார்த்தார். ஒரே வரியை ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் பாடவைத்தார். சுரத்துக்கு மேல் சுரம் அடுக்கினால் ராகம் கலைந்துவிடாதா? நியாயமான பயம்தான். ஐரோப்பியப் பாடல்களை எடுத்திருந்தால் சிக்கலே இல்லை. அவரோ பாரதியை எடுத்தார், பிற இந்திய மொழிகளையும் சேர்த்துக்கொண்டார்.

அவர் கம்யூனிஸ்ட்; சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர். அவரவர் குரலை விடாமலே ஒன்றுசேரலாம் என்பதை மேடையிலும் செய்து பார்த்தார்னு தோணுது. 1988இல் லட்சத்தீவில் இறந்தார். குழு அதற்குப் பிறகும் பாடியது.