சகேயுவின் கொடி

பவேரியாவின் தெற்குக் கிராமங்களில் அக்டோபர் மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின நாள், கோயில் கோபுரத்து ஜன்னலிலிருந்து ஒரு சிவப்புக் கொடியைத் தொங்க விடுவார்கள். கொடியில் வெள்ளைச் சிலுவை. அதற்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் ‘சகேயு’.

லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வருகிறானே, அதே சகேயுதான். எரிகோவில் வரி தண்டுகிறவர்களுக்குத் தலைவன், பணக்காரன், குள்ளன். கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க எட்டாமல் காட்டத்தி மரத்தில் ஏறிக்கொண்டான். இயேசு அண்ணாந்து பார்த்து அவனை இறங்கி வரச்சொல்லி, அவன் வீட்டுக்கே போய்த் தங்கினார். கோயிலைக் கடவுளின் வீடாக அர்ப்பணித்த நாள் ஒவ்வோர் ஆண்டும் திரும்பும்போது, கடவுள் ஒரு வீட்டுக்கு வந்த இந்தக் கதையைப் பூசையில் வாசிப்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள் வருஷா வருஷம் அதே நாளில் அதே பெயரைக் கேட்டார்கள். கொடிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

கோயிலை அர்ப்பணித்ததை நினைவுகூரும் அந்த நாளின் பெயர் கிர்ஷ்வை. ‘கிர்ஷே’ என்றால் தேவாலயம், ‘வை’ என்றால் அர்ப்பணிப்பு. திருநெல்வேலிச் சீமையின் சி.எஸ்.ஐ. ஊர்களில் ‘பிரதிஷ்டைப் பண்டிகை’ என்கிறார்களே, பொருள் அதுவேதான். பேச்சு வழக்கில் பவேரியாவில் கிர்தா, ஃபிராங்கோனியாவில் கெர்வா, ஹெஸ்ஸனில் கெர்ப், ரைன் நதிப்பக்கம் கிர்மெஸ்.

கிர்மெஸ் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கோயில் பூசை என்ற பொருளுள்ள ‘கிர்ஷ்மெஸ்ஸே’ தேய்ந்து வந்தது அது. மெஸ்ஸே என்றால் பூசை. இன்றைய ஜெர்மனில் வணிகக் கண்காட்சிக்கும் அதே சொல்தான். ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியின் ஜெர்மன் பெயரிலும் அந்த மெஸ்ஸேதான் இருக்கிறது. பிரதிஷ்டை நாளில் கோயிலுக்கு வந்து வேண்டுகிறவர்களுக்குப் பாவத் தண்டனை குறையும் என்று இடைக்காலத் திருச்சபை சலுகை அளித்தது. சலுகைக்காகச் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் திரண்டன. கூட்டம் சேர்ந்த இடத்தில் சட்டி பானை, ரிப்பன், அரிவாள், இனிப்பு ரொட்டி என்று கடை விரிந்தது. பூசை முடிந்து வெளியே வருகிறவன் சந்தைக்குள்தான் காலை வைப்பான்.

கடையும் மதுவும் கூட்டமும் சேர்ந்தால் அடிதடி வரும். எனவே திருவிழா நாளில் ஊரில் அமைதி காக்கும் உரிமை பெரிய விஷயமாக இருந்தது. யாருடைய ஆட்கள் ஆயுதத்தோடு வந்து நின்று அமைதியை அறிவிக்கிறார்களோ, அவர்களே அந்த ஊருக்கு எஜமானர்கள் என்று அர்த்தம். இந்த உரிமைக்காக ஒரு போரே நடந்திருக்கிறது. அஃபால்டர்பாக் என்ற சிற்றூரின் கிர்ஷ்வைக்குக் காவல் நிற்பது யார் என்று நியூரம்பெர்க் நகரமும் அன்ஸ்பாக் அரசகுடும்பமும் மல்லுக்கு நின்றன. 1502 ஜூன் 19 அன்று நகரம் தன் படையை அந்த ஊருக்கு அனுப்பியது. அன்ஸ்பாக் இளவரசர் காசிமிரின் படையோ நகரத்தின் வாசலருகே வந்து தாக்கியது. நியூரம்பெர்க் தோற்றது. பின்னாளில் ‘இரும்புக் கை’ என்று பெயரெடுத்த கோட்ஸ் ஃபொன் பெர்லிஷிங்கன் அன்று இளவரசரின் பக்கம் நின்று சண்டையிட்டார். கையை அவர் இழந்தது இரண்டு ஆண்டு கழித்து வேறொரு போரில். ஒரு கிராமத்துத் திருநாளின் பெயரைச் சொல்லி அன்று செத்தவர்கள் யார் யார் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

அடுத்து வந்தார் மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர். ஜெர்மானியப் பிரபுக்களுக்கு 1520இல் அவர் எழுதிய நூலில், கிர்ஷ்வைகளை அடியோடு ஒழிக்க வேண்டும் என்றார். அவை மதுக்கடையாகவும் சந்தையாகவும் சூதாட்டக் களமாகவும் ஆகிவிட்டன என்பது அவருடைய குற்றச்சாட்டு. அது பொய்யும் இல்லை. ஓவியர் செபால்ட் பேஹாம் 1535இல் உருவாக்கிய கிர்ஷ்வை மரச்செதுக்கு ஓவியம் ஒன்று இருக்கிறது. ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். அதில் கோயில் வாசலில் கல்யாணம் நடக்கிறது. ஒருவன் கூட்டத்தின் நடுவே பல் பிடுங்குகிறான். மதுக்கடை மேசையில் ஒருவன் வாந்தி எடுக்கிறான். இன்னொரு பக்கம் ஜோடி ஜோடியாக ஆட்டம். லூத்தரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இந்த ஒரு வழக்கில் நான் ஊர்ப்பக்கம்தான். வருஷம் முழுக்கக் குனிந்து உழைத்தவனுக்கு நிமிர்ந்து நிற்க இருந்தவை இந்த இரண்டு மூன்று நாட்கள்தானே?

ஊர் என்ன செய்தது என்பதற்கு லிம்மர்ஸ்டோர்ஃப் சாட்சி. வடக்கு பவேரியாவில், குல்ம்பாக் பக்கத்தில் இருக்கும் புராட்டஸ்டன்ட் கிராமம் அது. லூத்தரின் வழியில் நடக்கிற அந்த ஊர், அவர் ஒழிக்கச் சொன்ன கிர்ஷ்வையை 1729 முதல் தொடர்ந்து நடத்தி வருகிறது. அதுவும் மரத்தின் மேல்! ஊர் நடுவே ஒரு கிழட்டு லிண்டன் மரம். அதன் கீழ்க்கிளைகளைத் தலைமுறை தலைமுறையாகப் படுக்கைவாட்டில் வளர்த்து, கல்தூண்கள் நட்டுத் தாங்கவைத்து, மேலே பலகை பாவியிருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில், புனித பர்த்தலமேயு நாளை ஒட்டி, வாத்தியக்காரர்கள் மரத்தில் ஏறி உட்காருவார்கள். இளம் ஜோடிகள் படியேறி வந்து பலகைத் தளத்தில் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். ஆடுகிறவர்களுக்குச் சுவரும் கூரையும் இலைகள்தான். கீழே நிற்கிற கிழவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்களும் ஒரு காலத்தில் மேலே ஆடியவர்கள்தான். 2014இல் ஜெர்மனி தன் மரபுப் பண்பாட்டுப் பட்டியலைத் தொடங்கியபோது இந்த ஊரின் திருவிழாவும் அதில் ஏறியது.

லூத்தரால் முடியாததை ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசஃப் வேறு வழியில் செய்து பார்த்தார். கோயிலுக்குக் கோயில் தேதி வேறு என்பதால் பண்ணையாட்கள் இந்த வாரம் இந்த ஊர், அடுத்த வாரம் அடுத்த ஊர் என்று போய்க்கொண்டே இருந்தார்கள், வேலை கெட்டது. ஆகவே எல்லாக் கோயிலுக்கும் அக்டோபர் மூன்றாம் ஞாயிறே கிர்ஷ்வை என்று 1786இல் ஆணையிட்டார். பவேரியா 19ஆம் நூற்றாண்டில் அதே தேதியை எடுத்துக்கொண்டது. பல ஊர்கள் அரசு சொன்ன நாளையும் கொண்டாடின, தங்கள் பழைய நாளையும் விடவில்லை. சரியான கிர்தா என்றால் செவ்வாய் வரை ஓடும், தோது பட்டால் புதன் வரைக்கும் ஓடும் என்பது அங்கே சொலவடை.

அக்டோபர் தேதி ஒரு விதத்தில் நல்லதே. அறுவடை முடிந்திருக்கும், வாத்துகள் கொழுத்திருக்கும். களத்துக் கொட்டகை உத்தரத்தில் சங்கிலி கட்டி நீளமான மரம் ஒன்றைத் தொங்கவிட்டு, பிள்ளைகளும் பெரியவர்களும் வரிசையாக உட்கார்ந்து ஊஞ்சலாடுவார்கள். அடுப்படியில் பெண்கள் புளித்த மாவு உருண்டையை முழங்காலில் துணி போட்டு அதன் மேல் வைத்து இழுப்பார்கள். ஓரம் தடித்து, நடுப்பகுதி கண்ணாடியாய் மெலிந்து வரும். அப்படியே கொதிக்கும் நெய்யில் போடுவார்கள். நம் ஆப்பத்துக்கு நடு தடிப்பு, ஓரம் முறுகல். இது அதற்கு நேர் எதிர். நடுப்பகுதி எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு கைப்பக்குவம்.

தெற்கில் கொடியான சகேயு, ரைன் பக்கம் வைக்கோல் பொம்மை ஆகிவிட்டான். பழைய சட்டை, தொப்பி மாட்டி அவனை மதுக்கடைக்கு மேலே உயரத்தில் உட்கார வைப்பார்கள். மறுபடியும் உயரத்திலிருந்து கூட்டத்தைப் பார்க்கிறான். கடைசி இரவு கீழே இறக்கி விசாரணை நடக்கும். குடித்தது, செலவழித்தது, வம்பு பேசியது, எல்லாம் அவன் தலையில். ஊரே கூடி ஒப்பாரி வைக்க, தீ மூட்டுவார்கள். வைக்கோல் எரிந்து தீர அதிக நேரம் ஆகாது. மறுநாள் காலை மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போக வேண்டும்.